பதின்மூன்று

ஊத்தான் மெலிந்தாங், எண்ணெய் ஆலை.
லோரி எடைப் பாலத்துக்குப் பக்கத்து அறை.
இரவு பதினொன்றே கால்.
ஏர்கோன் ஒரு வாளிக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது.
புதிய மெய்நிகர் எந்திரத்துக்கு முதல் கேள்வி
திரையில் நிற்கிறது:
எந்த வன்பொருள் பதிப்போடு ஒத்துப்போக வேண்டும்?

கீழே பட்டியல்.
இருபது என்று அதுவே தேர்ந்து வைத்திருக்கிறது,
கல்யாணப் பந்தியில் கேட்காமலே இலையில் விழும்
இரண்டாவது கரண்டிப் பாயசம் போல.
'அடுத்து' என்பதை அமுக்கினால் போதும்.

போன வருஷம் அமுக்கினேன்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் இடி விழுந்தது.
சர்வர் அறையில் பிளாஸ்டிக் கருகிய வாசனை.
பதறவில்லை நான்.
பிரதி இருந்தது. பீடோர் கிளையில்
பழைய சர்வர் சும்மாதான் கிடந்தது.
ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி
பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டு
மழையில் ஓட்டிக்கொண்டு போனேன்.

பீடோர் சர்வர் ஒரே வரியில் சொன்னது:
இந்தப் பதிப்பு எனக்குத் தெரியாது.

இரண்டு நாள்.
குலை ஏற்றிய லோரிகள் தாமான் முனைவரை நின்றன.
வெட்டிய பழம் யாருக்கும் காத்திருக்காது,
அது பாட்டுக்குப் புளிக்கும்.
கிராணி சவரிமுத்து கார்பன் தாள் வைத்து எடை எழுதினார்.
நூறு கிலோ குறைகிறது என்றார் பாக் ஹாருன்.
குறைந்ததா இல்லையா, இன்றுவரை தெரியாது.
அவர் பழம் இப்போது தெலுக் இந்தானுக்குப் போகிறது.

எடை நிரலை எழுதிய ஆள் பினாங்கில் இருந்தானாம்.
கம்பெனியும் இல்லை, போன் நம்பரும் இல்லை.
அவன் விட்டுப்போனதற்குப் பழைய விண்டோஸ் வேண்டும்.
சீரியல் போர்ட் வேண்டும்.
எழும்போதெல்லாம் பிளாப்பி இருக்கிறதா என்று கேட்கும்.
இருக்கிறது என்பேன்.
எதுவும் ஒருநாளும் நுழையப்போகாத வாசல் அது,
ஆனாலும் கேட்டதற்குக் காட்ட ஒன்று வேண்டுமே.

மத்தியானம் மேனேஜர் தேவானந்தன் கேட்டார்:
"முப்பத்தெட்டாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கின மெஷின்,
அதைப் போய்ப் பழசு மாதிரி நடிக்கச் சொல்றியா கோமளா?"
ஆமாம் சார் என்றேன்.
பீடோருக்குப் புதுசு வாங்கித் தாருங்கள்,
அன்றைக்கே இருபதுக்கு ஏற்றுகிறேன்.
ஏறுவது ஒரு நிமிஷ வேலை.
இறங்கத்தான் படி வைக்கவில்லை.
அவர் பட்ஜெட் என்று ஏதோ சொல்லி எழுந்து போனார்.

ஒன்றும் இழக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
புதிய சிப்பின் வித்தைகளில் பாதி
உள்ளே இருப்பதற்குத் தெரியப்போவதில்லை.
பிரதி எடுக்க நாற்பது நிமிஷம் கூடும்.
பலவீனமானதன் உயரத்தை அளந்து வந்து
பலமானதைக் குனியச் சொல்கிறேன்;
எனக்கே இது பிடிக்கவில்லை.
லோரி நிற்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

பதினான்கின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.
ஒரு படிதானே என்று.
பீடோர் பதின்மூன்றுதான் படித்திருக்கிறது.

பதின்மூன்று.
கோர் இரண்டு. நினைவகம் இரண்டு ஜிபி.
பிளாப்பி, ஆம்.

இங்கே எழுந்தது.
அணைத்து, பிரதி எடுத்து, பீடோருக்கு அனுப்பிவிட்டு
லைன் மெதுவாக ஊர்ந்த நேரமெல்லாம்
மேசைமேல் தலை வைத்துக் கிடந்தேன்.
மூன்றே முக்காலுக்கு அங்கே எழுப்பினேன்.
கறுப்புத் திரை. ரொம்ப நேரம் கறுப்புத் திரை.
பிறகு பிளாப்பி இருக்கிறதா என்று கேட்டது.

இருக்கிறது, இருக்கிறது.

ஆறு மணிக்கு முதல் லோரி வரும்.
சவரிமுத்து வந்து பசியாறியாச்சா என்பார்.
வாளி நிறைந்துவிட்டது,
ஊற்றிவிட்டு வர வேண்டும்.