சிவப்புப் பொத்தான்

மூன்று பூட்டுப் பெட்டியை
இன்று யாரும் திறக்கவில்லை.
சாவிக்காரிகள் மூவரும் அதன்மேலேயே
நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ரகசிய எண் நான்கு இலக்கம்.
பிறந்த வருடத்தை வைக்காதீர்கள்" என்றேன்.
"எங்கள் பிறப்பை யார் எழுதி வைத்தது, வும்பினி?
சோளம் கருகிய வருடம் என்று வைக்கலாமா?"
கேட்டவள் ஃபுசேனா.

ஷியா வெண்ணெய் ஊறிய விரல்கள்
எண்களின்மேல் வழுக்குகின்றன.
ஐந்தை அழுத்தினால் எட்டு விழுகிறது.
துடைத்துக்கொண்டு மறுபடி.

மதியம் நாடகம். நான்தான் திருடன்.
முக்காட்டுத் துணியை வாயில் பொத்திக் குரலைக் கனமாக்கி,
"அம்மா, கம்பெனியிலிருந்து பேசுகிறேன்.
இருநூறு செடிப் பணம் தவறுதலாக
உங்கள் கணக்கில் விழுந்துவிட்டது.
பிள்ளையின் மருந்துக்கு வைத்திருந்தது.
எண்ணை மட்டும் சொல்லுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன்."

அசாரா எண்ணைச் சொல்லவில்லை.
சொல்லக் கூடாதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.
போனையும் வைக்கவில்லை.
"பிள்ளைக்கு என்ன காய்ச்சல்?" என்று கேட்டாள்.

"துண்டித்துவிடு அசாரா, சிவப்பை அழுத்து."

"அவன் இன்னும் பேசி முடிக்கவில்லையே."

கொட்டைக் கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே
பதினெட்டுப் பெண்கள்.
ஒருத்திகூட இதுவரை
ஓர் ஆணின் பேச்சைப் பாதியில் நிறுத்தியதில்லை.

பாடப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.
மூடி வைத்தேன்.
பொழுது சாயும்வரை ஒரே பயிற்சி:
நான் பேச, அவர்கள் துண்டிக்க.
முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு,
பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு,
பிறகு என் முதல் சொல்லிலேயே,
பிறகு நான் வாயைத் திறக்குமுன்பே
டொக்.
கூரை அதிரச் சிரித்தார்கள்.

ஃபுசேனா மட்டும் ஒருமுறை
செத்துப்போன புருஷன் பெயரைச் சொல்லி அழுத்தினாள்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இனி இந்தப் பெட்டி எதற்கு என்றேன்.
"இருக்கட்டும். உட்கார வேண்டாமா?"

தமாலே போகும் கடைசி பஸ்.
ஹர்மட்டான் புழுதி பல்லில் நறநறக்கிறது.
அண்ணன் அழைத்தான்.
சம்பளம் வந்ததா என்று தொடங்கினான்,
மோட்டார் சைக்கிள் தவணைக்கு வந்தான்,
தங்கையென்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வந்தான்.

என் கட்டைவிரல் சிவப்பின் மேலேயே இருந்தது.
யெண்டி தாண்டும்வரை
அவன் பேசிக்கொண்டிருந்தான்.