ஒட்டு

மலையைக் கவிழ்த்துப் போட்டுத் தண்ணீர் தெளித்து
முதுகிலுள்ள பழைய காகிதத்தை
விரல்நுனியால் உருட்டி உருட்டி உரிக்கிறேன்.
இன்று மூன்றாம் நாள்.
வெறும் பட்டு மிஞ்சியதும்
சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால்
அருவி இரண்டு பக்கமும் விழுகிறது.

யாங்சோ உப்பு வியாபாரி பாவ் ஹெங்தாய்
சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்:
"பாலத்தில் ஓர் ஆள் இருந்திருக்கிறான்.
அவனைக் கொண்டுவா."

கழுதை இருக்கிறது. கடிவாளம் இருக்கிறது.
அதைப் பிடித்த கை இருந்த இடத்தில்
அவரை விதையளவு துளை.
பூச்சிக்கு ஆள் ருசித்திருக்கிறான்.

வரைந்தவர் பெயரைத் தேடினேன்,
பைன் மரப்பட்டையில், பாறை மடிப்பில்.
எறும்பளவு எழுத்துகூட இல்லை.
சோங் அரண்மனையில் சம்பளத்துக்கு வரைந்தவராக இருக்கலாம்.
அவருக்கும் முன்னே
கல்லை அரைத்து மலைக்குப் பச்சையும் நீலமும் பூசினார்கள்.
பிறகு யாருக்கோ
மையும் தண்ணீரும் போதுமென்று பட்டிருக்கிறது.
பிறகு பட்டும் வேண்டாம், காகிதம்.
இப்போது சூசோவில் என் தெருவில்
தேர்வில் தோற்ற ஒவ்வொருவனும் மூங்கில் வரைகிறான்.
பின்தாள் ஒட்டித் தருவது நான்.
கடனுக்கு.

கிழிந்த பழம்பட்டொன்றில் இழை எண்ணி
ஒட்டுத்துண்டு வெட்டி
தேநீரில் நனைத்து நிறம் ஏற்றினேன்.
நிறம் என் வேலை.
கோடு என் வேலையில்லை.

ஆனாலும் அன்றிரவு
கழிவுத் தாளில் நாற்பது ஆள் போட்டுப் பார்த்தேன்.
ஒருவன் வரிக் கணக்கன். ஒருவன் என் கொழுந்தன் ஃபூசெங்.
ஒருவன்கூடப் பயணம் போகவில்லை,
எல்லாரும் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.
தாளைச் சுருட்டி அடுப்பில் வைத்துப் பசை காய்ச்சினேன்.
துண்டை வெறுமையாகவே ஒட்டினேன்.

பாவ் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.
எனக்குக் கழுத்து வியர்த்தது.
"அட, ஆளில்லை, பனி!
நடுப்பாலத்தில் பனி இறங்குகிறது பார்.
பழையவர்கள் பழையவர்கள்தான்."

சட்டைக்கையிலிருந்து முத்திரையை எடுத்தார்.
வானத்தில் ஏற்கெனவே பதினொரு சிவப்புச் சதுரம்,
பதினொரு சொந்தக்காரர்கள்.
இடம் தேடிய கை கீழே இறங்கி இறங்கி
கழுதைக்கு மேலே நின்றது.
அழுத்தினார்.

'பாவ் ஹெங்தாய் கண்டு போற்றியது.'
இந்தச் சுருளில் நான் செய்த
ஒரே அவரை விதையின் மேல்
ஈரமாய், கோணலாய்.

வெள்ளி எடையில் கொஞ்சம் குறைந்தது.
நான் கேட்கவில்லை.