ஒரு சால்

என் நிலம் எங்கே என்று கேட்டால்
ஒரு பக்கமாகக் கை நீட்ட என்னால் முடியாது.
பசித்த மேட்டில் இரண்டு பட்டை,
குயில் வளைவில் மூன்று,
ஓடையோரம் தவளை கத்தும் சேற்றில் ஒன்று,
பாதிரியாரின் பட்டைக்கும் ஹேமோவின் பட்டைக்கும் நடுவே
நெரிபட்டு ஒன்று,
இப்படிப் பதினேழு.
எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு ஏக்கர் தேறும் என்கிறார்கள்.
சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை.
விதை மூட்டையோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே
பாதி நாள் போய்விடும்.

நல்ல மண்ணும் கெட்ட மண்ணும்
எல்லோருக்கும் கலந்து வரட்டும் என்று
யாரோ எப்போதோ பிரித்தார்களாம்.
ஆற்றங்கரையின் கறுத்த மண் மட்டும்
துண்டு படாமல் சீமானிடம் இருக்கிறது.
அதைப் பிரித்தது யாரென்று
எல்டர்விக்கில் யாரும் கேட்பதில்லை.

திங்கள், புதன், வெள்ளி
அவர் வயலில் உழைப்பு.
மழை விட்டு வெயில் அடிக்கும் நாள்
எப்படியோ திங்களாகவே இருக்கும்.

வடவயலில் இந்த ஆண்டு கோதுமை.
தென்வயலில் வாற்கோதுமை, ஓரமாக மொச்சை.
மேலவயல் தரிசு.
ஊர் ஆடுகள் அதில் எருப் போட்டபடி
அசை போட்டுக் கிடக்கும்.
மூன்று ஆண்டுக்கொரு முறை ஓய்வு என்று
மண்ணுக்கு எழுதிவைத்தவர்கள்
எங்களை மறந்துவிட்டார்கள்.

வேலி கிடையாது.
இரு பட்டைக்கு நடுவே ஒரு சால் பள்ளம்,
அவ்வளவுதான் எல்லை.
கொழு ஒரு சாண் சாய்ந்தால்
எல்லைக்குக் கால் முளைக்கும்.

ஹேமோவின் கொழு சாயும்.
என் கணவன் தர்ஸ்டனைப் புதைத்த ஆண்டிலிருந்து
ஒவ்வோர் உழவிலும் கொஞ்சம்.
நான் அடி வைத்து அளப்பேன்.
முதலில் பத்தொன்பது அடி,
பிறகு பதினெட்டரை,
பிறகு பதினெட்டு.
என் பாதம் வளரும் வயது தாண்டிவிட்டது.

அந்தக் களிமண்ணுக்கு எட்டு எருது வேண்டும்.
எட்டு எருது வைத்திருப்பவர் சீமான் மட்டுமே.
நாங்கள் ஐந்து வீடு சேர்ந்து எட்டு.
ஹேமோவுக்கு இரண்டு. எனக்கு ப்ராக் ஒருவன்தான்,
நெற்றியில் வெள்ளைக் கோடு போட்டவன்.
ஹேமோவின் சிவலையோடு ஒரே நுகத்தில் பூட்டப்படுவான்.
என் மண்ணைத் தின்ற கலப்பையை
என் எருதும் சேர்ந்துதான் இழுத்தது.
மன்றத்தில் சொல்லியிருக்கலாம்.
சொன்னால் மறுநாள் சிவலை வராது.

மாசியில், நிலம் இறுகிக் கிடந்தபோது
ஹேமோ இருமி இருமிச் செத்தான்.
சீமானின் ஆள் வந்தான்:
இறந்தவன் வீட்டின் சிறந்த கால்நடை பண்ணைக்கு, வழக்கம்.
சிவலை போயிற்று.
பாதிரியார் ஜெபம் முடித்து நின்றார்:
அடுத்த சிறந்தது கோவிலுக்கு, அதுவும் வழக்கம்.
இன்னொன்றும் போயிற்று.
கயிறு மட்டும் முளையில் தொங்கியது.

ஆறு எருது. கொழு ஆழம் போகவில்லை.
ஹேமோவின் மகன் ஒஸ்பர்ட்,
பதினான்கு வயது,
முன்னால் தார்க்கோலோடு நடந்தான்.
மேழி என் கையில்.
குயில் வளைவில் அவர்கள் பட்டையைத் தொட்டபோது
மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தேன்.
மண் புரண்டு என் பக்கம் விழுந்தது.
திரும்பி வரும்போது
இன்னொரு முறை.
முதலாவது ஹேமோ எடுத்தது.
இரண்டாவது யாருடையதென்று
சத்தியமாக எனக்குத் தெரியாது.

பாஸ்காவுக்குப் பின் மன்றம் கூடியது.
எழுத்தன் காஸ்லின் தோல்சுருளில் கீறினான்:
கைம்பெண் விமார்க்,
அண்டை நிலத்தில் ஒரு சால்.
தண்டம் இரண்டு பெனி.
இரண்டு சால் என்று திருத்த
நான் வாய் திறக்கவில்லை.

சொன்னவன் ஒஸ்பர்ட்.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
தன் காலணிச் சேற்றைப் பார்த்தான்.

தண்டம் கட்டும்வரை இவளுக்குப் பிணை யார்
என்று கேட்டார்கள்.
மில்காரன் கூரையைப் பார்த்தான்.
வேலிக்காவலன் தொண்டையைச் செருமினான்.
பின்வரிசையில் ஒரு மெலிந்த கை
உயர்ந்தது.
ஒஸ்பர்ட்.

நாளைக்கு அவனுக்குப்
பசித்த மேட்டில் உழவு.
ப்ராக் வேண்டும்.