சினைப் பருவம்

மார்ச்சில் எங்கள் தீவுக்குக் காட் மீன்கள்
முட்டையிட வருகின்றன.
தொழிற்சாலையில் நான் சினை பிரிக்கிறவள்.
இளஞ்சிவப்பு ஒரு தொட்டி,
கிழிந்தவை ஒரு தொட்டி,
ரத்தம் கட்டியவை பூனைத் தீவனத்துக்கு.
ஒரு பையில் ஐம்பது லட்சம் முட்டை இருக்கும்
என்கிறான் மேற்பார்வையாளன் ஓத்வார்,
தானே இட்டதுபோல் ஒரு பெருமிதம்.

இரண்டு ஜோடிக் கையுறைக்குள்
என் விரல்கள் முதலில் வெளுக்கும், பிறகு நீலம்,
பிறகு கதவிடுக்கில் நசுங்கியதுபோல் சிவப்பு.
அதுவும் இந்த நோயின் கைவேலைதான்.

லத்தீனில் இதன் பெயர் ஓநாய்.
மூக்கின் இருபுறமும் படரும் சிவப்புக்கோ
பட்டாம்பூச்சி என்று பெயர்.
இரண்டையும் வைத்தவர் ஒருவராக இருக்க முடியாது.
பட்டாம்பூச்சியைக் கண்டவர்
மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்திருப்பார்.

ஜூனில் இங்கே சூரியன் அடைவதில்லை.
சுற்றுலாக்காரர்கள் நள்ளிரவில் பாறைமேல் நின்று
முகத்தை அதற்குக் கொடுக்கிறார்கள், இலவசமாக.
நான் சன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டு
என் வீட்டிலேயே ஒளிந்திருப்பேன்.
டிசம்பர்தான் என் அழகுக்காலம்.
சூரியன் தலைகாட்டாத நாலு வாரம்
கன்னம் தணியும், தொப்பி ஆணியில் தொங்கும்,
தெருவிளக்கின் கீழ் எல்லாருக்கும் ஒரே மஞ்சள்.

ஸ்டீராய்டு உச்சத்திலிருந்த இலையுதிர்காலத்தில்
கடவுச்சீட்டு புதுப்பிக்க ஸ்வோல்வேர் போனேன்.
அதிகாரி பழைய படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி படத்தை.
வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவு நாகரிகம்.
முடியை ஒதுக்கச் சொன்னாள், முகம் முழுதாகத் தெரிய வேண்டுமாம்.
ஒதுக்கினேன். ஒரு கொத்து கையோடு வந்தது.
எங்கே போடுவது என்று
இருவருக்கும் தெரியவில்லை.
மேசைக்கடியிலிருந்த குப்பைக்கூடையைக்
காலால் மெல்ல என் பக்கம் தள்ளினாள்.
நிலா முகம் என்று மருத்துவக் குறிப்பில் இருக்கிறது.
பாராட்டில்லை.
பத்து வருடம் செல்லும் அந்தப் படம்.

எய்லிஃப் கேட்பதில்லை.
அவன் அம்மாவும் கேட்பதில்லை,
கேட்காமலிருப்பதை ஞாயிறுதோறும்
காபியோடு சேர்த்து ஊற்றுகிறாள்.
ஐந்து வருடம் முன்பு சிறுநீரகத்துக்காக ஏற்றிய மருந்து
கருப்பையின் அக்கம்பக்கத்தையும் விசாரித்துவிட்டுப் போயிருந்தது.
எவ்வளவு மிச்சம் என்று கேட்டதற்கு
ஓர் எண் தந்தார்கள்:
பூஜ்யம், புள்ளி, ஒன்பது.
நான் பகலெல்லாம் கையில் லட்சங்களை நிறுக்கிறவள்.
அந்தப் புள்ளியை நிறுக்க என்னிடம் தராசில்லை.

பூடோவில் டாக்டர் ஸ்யூநேவா விரல்விட்டு எண்ணினார்.
சிறுநீரில் புரதம் இறங்க வேண்டும்.
இப்போதைய மாத்திரை கருவுக்கு ஆகாது, மாற்றியாக வேண்டும்.
மாற்றிய பின் ஆறு மாதம்
ஓநாய் தூங்க வேண்டும்.
அதுவரை ஜாக்கிரதை, இருவரும்.
"அதற்கப்புறம்?"
"அதற்கப்புறம் முயலலாம்."

சாப்பாட்டு அறையில் தைவா என் தாடையைப் பிடித்து
இல்லாத புருவத்தைப் பென்சிலால் வரைகிறாள்.
அவள் பிள்ளைகள் லிதுவேனியாவில்,
கெட்ச்சப் புட்டியில் சாய்த்த போனுக்குள் இருக்கிறார்கள்.
ஒரு புருவம் முடிந்திருந்தபோது சின்னவன் ஏதோ சொன்னான்,
தைவா சிரித்து, பென்சில் வழுக்கி,
கோடு காதுவரை போனது.
என்ன சொன்னான்?
உனக்கு ஆச்சரியமா இல்லை கோபமா,
முடிவு செய்யச் சொல்கிறான்.
இரண்டும் என்றேன். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.
எச்சில் தொட்டுத் துடைத்தாள், தன் பிள்ளைக்குத் துடைப்பதுபோல்.
அப்படித் துடைப்பது எனக்கும் வருமா என்று
ஒரு கணம் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன்.

இது நாலாவது மாதம்.
நேற்றைய அறிக்கையில் புரதம் இன்னும் கீழே.
எய்லிஃப் அதைக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டினான்,
பிறகு யாராவது பார்ப்பார்களென்று எடுத்து
மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தான்.

காலையிலிருந்து தொட்டிகளை
ஓசையில்லாமல் இறக்கி வைக்கிறேன்.
என்ன இன்று, தூங்குகிறாயா என்று
தூரத்திலிருந்து கத்துகிறான் ஓத்வார்.

நானில்லை.