சுவருக்குள் ஒரு கணக்கு

முதலில் ஒரு குழி தோண்டி
அதில் வாளித் தண்ணீரை ஊற்றி
மண் எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று
கைக்கடிகாரம் பார்த்தான் செப்டிக் டேங்க் சோதனைக்காரன்.
வீடு அங்கேதான் தொடங்குகிறது.
யாரும் சொல்வதில்லை.

தீவின் வடகரையில் மண் சிவப்பு.
பாறையும் சிவப்பு, பேருக்குத்தான் பாறை;
நகத்தால் கீறினால் உதிரும்.
கடல் நகம் வெட்டிக்கொள்வதில்லை.

அலீரின் அத்தை விட்டுப்போன நிலம்.
பத்திரத்தில் இரண்டு ஏக்கர்.
சார்லட்டவுனிலிருந்து வந்த அளவையாள்
முளைகளை அடித்து முடித்துச் சொன்னான்:
ஒன்றேமுக்கால்.
மீதி?
பென்சிலால் தண்ணீரைக் காட்டினான்.
அதற்கும் சேர்த்துத்தான் வரி கட்டியிருக்கிறோம்.

வரைபடத்தில் நான் கேட்டது ஒன்றுதான்:
பாத்திரம் கழுவும் இடத்தில் ஜன்னல்
சாலையைப் பார்க்கட்டும்.
பதினெட்டு வருடமாக ஆலையில் சிங்கி இறால் உடைக்கிறேன்,
கடல் என் கையிலேயே போதுமான அளவு நாறுகிறது.
அலீர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
அவனுக்குச் சாலை சலித்துவிட்டது.
ஆக இரண்டு பக்கமும் ஜன்னல்,
இரண்டாயிரம் டாலர் கூடுதல்.

கான்கிரீட் வேண்டாம் என்றான் வெண்டல்.
"வீடு நிற்கும். நிலம்தான் நிற்காது."
பதினாறு திருகாணித் தூண்களை
ஒயின் பாட்டிலின் தக்கைக்குள் இறக்குவது போல
முறுக்கி முறுக்கி இறக்கினார்கள்.
"வேண்டும்போது ஜாக்கி வைத்துத் தூக்கிப்
பின்னால் இழுத்துக்கொள்ளலாம்."
குடிபுகுமுன்பே
குடிபெயரவும் சேர்த்துப் பணம் கொடுத்தோம்.

அன்று மாலை அலீர் நாடா பிடித்தான்.
முன் தூணிலிருந்து விளிம்பு வரை
நூற்று நான்கு அடி.

ஜூனில் சட்டகம் எழுந்தது.
வீடு வெறும் எலும்பாக இருந்த அந்த ஒன்பது நாள்
எல்லா அறைக்கும் ஒரே காற்று.
படுக்கையறையாகப் போகிற இடத்தில் நின்று
குளியலறையாகப் போகிற இடத்தில் நிற்பவனோடு
குரல் உயர்த்தாமல் பேசினேன்.
ஒரு நரி வந்தது. வரவேற்பறையின் குறுக்கே நடந்து,
சுவரே இல்லாத வீட்டில்
கதவுக்கென்று விட்ட இடைவெளி வழியாகவே வெளியேறியது.
வெண்டலின் பையன் சுத்தியலைத் தாழ்த்தித்
தொப்பியைக் கழற்றினான்.

கூரை. பிறகு மழை. பிறகு கூரையின் தவறு.

மரச்சில்லுகள் வரத் தாமதமானதால்
ஏதோ கம்பெனியின் பேரைப் போர்த்திக்கொண்டு
ஏழு வாரம் நின்றது வீடு.
விளம்பர வாடகை கேட்டிருக்கலாம்.

செப்டம்பரில் ஒரு புயல்.
பேர் வைக்கும் அளவுக்குப் பெரியதல்ல.
காலையில் நாடா சொன்னது: தொண்ணூற்றெட்டு.
நாங்கள் முன்பணம் கட்டியிருந்த மெத்தையின் நீளம்
கிட்டத்தட்ட அவ்வளவுதான் போயிருந்தது.
அரை மைலுக்குச் சிவந்து கிடந்தது கடல்,
சாப்பிட்டுத் துடைக்காத வாய்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும்.
வயரிங்குக்கு வந்த டெல்மா மட்டும்
"கடல் பக்கம் பிளக் எத்தனை?" என்றாள்.
பதில் உள்ள கேள்வி அது ஒன்றுதான்.
நான்கு, என்றேன்.

சுவரை மூடுமுன் பார்த்தேன்:
சமையலறைச் சட்டத்தில் அலீரின் பென்சில்.
நூற்று நான்கு, ஜூன்.
நூற்று மூன்றரை, ஆகஸ்ட்.
தொண்ணூற்றெட்டு.
அதன் கீழே: பால், பேட்டரி.
வருடத்துக்கு இரண்டடி என்று வைத்து வகுத்தேன்.
நாற்பத்தொன்பது.
என் வயதோடு கூட்டினால் நூறு வந்தது.
அவ்வளவு நாள் இருக்கிற உத்தேசம் எனக்கில்லை.
கணக்கின்மேல் பஞ்சு வைத்துப் பலகை அடித்துப்
பூசித் தேய்த்து வெள்ளை அடித்தோம்.

ஆய்வாளர் மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்.
புகை மணியை அழுத்தி அலறவிட்டார்.
படிவத்தில் கடலுக்குக் கட்டம் இல்லை.
கையெழுத்துப் போட்டார்.

முதல் இரவு திரைச்சீலை இல்லை.
இரண்டு ஜன்னலிலும் ஒரே இருட்டு,
அதில் எது யார் கேட்டது என்று தெரியவில்லை.
அலீர் தூங்கிவிட்டான்.
நாடாவை எந்த இழுப்பறையில் வைப்பது என்று
இன்னும் முடிவாகவில்லை.
இப்போதைக்குக் கரண்டிகளோடு.