பத்து மாதம்

பத்து மாதம் என்றால்
மற்ற ஊர்களில் ஒரு பிள்ளை.
பெங்களூரில் அது அட்வான்ஸ்.
பொம்மனஹள்ளி இரண்டாவது குறுக்குத் தெரு,
எட்டுக்கு ஆறு கடை, மாதம் ஒன்பதாயிரம்.
தொண்ணூறை மொத்தமாக வைத்த அன்று
நஞ்சுண்டப்பா விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு
இரண்டு முறை எண்ணினார்.
அதுவும் ஒருநாள் குற்றமாகும் என்று
அப்போது யாருக்குத் தெரியும்.

மார்ச் கடைசியில் ஷட்டர் இறங்கியது.
உள்ளே, பழுது பார்க்க வந்த ஃபோன்கள்
நாற்பத்து மூன்று.
ஒவ்வொன்றின் முதுகிலும் பேப்பர் டேப், என் கையெழுத்து:
பிகாஷ், கண்ணாடி மட்டும்.
செக்யூரிட்டி அண்ணா, ஸ்பீக்கர்.
மினதி, சார்ஜிங் பின், நூறு கொடுத்தாச்சு.

ஏப்ரல் கழிந்தது. மே கழிந்தது.
காலத்தைச் சொல்லவில்லை.
அக்ரிமெண்ட்டின் பின்பக்கம்
நஞ்சுண்டப்பா பென்சிலால் கழித்துக்கொண்டே வந்தார்.
எண்பத்தொன்று.
எழுபத்திரண்டு.
‘ஏனு மாடோது’ என்றார் மாஸ்க்குக்குள்.
கடைக்கு மேலே அவருடைய பி.ஜி.
பதினாறு கட்டில், பதினாறும் காலி.
மெத்தைகளை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு
ஒருவரும் படுக்காத பக்கத்தையும் திருப்பிப் போட்டார்.
அந்தக் கட்டடத்துக்காக வங்கியில்
அவர் பெயருக்கு எதிரே யார் என்ன எழுதுகிறார்கள் என்று
நான் கேட்கவில்லை.

ஜூனில் திறந்தேன்.
அண்ணனுக்கு ஏழாவது, தங்கைக்கு நாலாவது,
ஒரே ஃபோனில் இரண்டு வகுப்பு,
இழுத்த இழுப்பில் விழுந்து உடைந்தவை.
ஆயுளில் காணாத வியாபாரம்
இடைவெளி விட்டு வரிசையில் நிற்கிறது.
கையில் ஒரு டிஸ்ப்ளே இல்லை.
எஸ்.பி. ரோடு கேவல்சந்த் தினமும் சொல்வார்:
மால் கப்பலில் இருக்கிறது.
மால் சென்னை ஹார்பரில் இருக்கிறது.
பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்,
பிரிக்கவும் ஆளில்லை.
தொள்ளாயிரம் ரூபாய்க் கண்ணாடி
இரண்டாயிரத்து முந்நூறாக வந்து இறங்கியபோது
விலை கேட்டவர்கள்
விரிசலுக்குள்ளேயே படிக்கட்டும் என்று
பிள்ளைகளின் கையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

நாற்பத்து மூன்றில் பதினொன்றுதான் போனது.
மற்றவர்கள் எழுதித் தந்த நம்பர்
பக்கத்து அறைக்காரனுடையது.
அவனும் போய்விட்டான்.
பாலசோர், பெர்ஹாம்பூர், கட்டிஹார்.
ரயில் நின்றிருந்த நாளில் எப்படிப் போனார்களோ.

பத்தாம் மாதம், ஜனவரியில்,
பிறந்தது ஒரு பூஜ்யம்.
நல்ல வட்டமாக இருந்தது.
சாவியை வாங்கிக்கொண்டு நஞ்சுண்டப்பா
கரண்ட் பாக்கி நானூறு வேண்டாம் என்றார்.
நான் நீட்டினேன்.
வாங்கிக்கொண்டார்.

முப்பத்திரண்டு ஃபோன்கள் இப்போது
வீட்டில், அரிசி டிரம்முக்கு மேல்.
இந்த வீட்டுக்கு வேறு ஓனர், வேறு பென்சில்.
பார்ட்ஸ் பார்ட்ஸாக விற்றால்
இரண்டு மாத வாடகை என்கிறாள் ஜெசிந்தா.
கணக்கில் அவள் தப்பியதே இல்லை.

மினதியின் ஃபோன் மட்டும்
தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு அடிக்கிறது.
கார்மெண்ட்ஸ் வேன் ஆறரைக்கு வரும்.
வந்துகொண்டிருந்தது.
அந்த ஆலையின் கேட்டில் இப்போது
‘வாடகைக்கு’ என்று போர்டு.
பேட்டர்ன் தெரியாது எனக்கு.
அலாரத்தை அன்றைக்கு அடக்கலாம்,
அடியோடு எடுக்க முடியாது.
சார்ஜ் போடாமல் விட்டால் தானே அடங்கும் என்கிறாள்.
அடங்கும்.
ஆனாலும் ராத்திரி படுக்கும் முன்
ஒயரைச் செருகிப் பார்க்கிறேன்.
நான் மாற்றிய பின்.
ஆறு மாதம் வாரண்டி என்று வாயால் சொல்லியிருக்கிறேன்.
வாங்கிப் போன நாளிலிருந்துதான் கணக்கு.
அவள் இன்னும் வாங்கவில்லை.