அரைக் கிலோ மண்

முதலில் ஓர் இலை,
மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த அடி இலை.
வெயில் பட்ட நிறம் என்று விட்டுவிட்டேன்.
புதன்கிழமை இன்னும் நாலு.
ரோல்ஸ் சுற்றிய தாளில்
எண்ணெய் ஊறிய இடம் போல ஒரு மஞ்சள்:
வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தண்ணீர் தெரிந்தது.
விரலால் தொட்டேன்.
கழன்று வந்தது, கேட்காமலே.

வெள்ளவத்தையில் நாலாம் மாடி,
வாடகையை மூன்றாகப் பிரித்த வீடு.
பூட்டையே தின்கிற உப்புக் காற்று,
ஆகவே முதல் பழி காற்றுக்கு.
பிறகு கரையோர ரயிலுக்கு.
ஆறு ஐம்பதுக்கு அது போகையில் சட்டி நடுங்கும்,
செடிக்கும் நரம்பு இருக்காதா என்றாள் ருமைஸா.

களுபோவில ஆஸ்பத்திரியில்
இரத்தம் சோதிக்கிறவள் தினூஷா.
இலையை நசுக்கி, மணந்து,
பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகச் சொன்னாள்:
தாகம் என்றால் சுருங்கும்,
வெயில் என்றால் பொருக்குத் தட்டும்,
இது வீங்கியிருக்கு.
எத்தனை நாளைக்கு ஒருக்காத் தண்ணி?

ஞாயிற்றுக்கிழமை மட்டும், அரைக் கோப்பை,
என்றேன் நான்.
ருமைஸா மூக்கைச் சொறிந்தாள்.
சுபஹுக்கு வுளு செய்துவிட்டு வரும்போது
ஒரு கை, ஒரேயொரு கை.
தினூஷா கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.
இரவு வேலை முடிந்து வந்தால்
போத்தலில் மிஞ்சினதை
சிங்க்கில் ஊற்ற மனம் வராதாம்.

மே மாதம் வேறு.
யன்னலால் சரிந்து வந்த மழை
நாலாவது ஆள்.

மற்றவர்கள் மறந்திருப்பார்கள் என்று
ஒவ்வொருத்தியும் நம்பியிருக்கிறோம்.

சனிக்கிழமை குசினித் தரையில்
பேப்பர் விரித்துக் கவிழ்த்தோம்.
புளித்த மணம்.
வேரை இழுத்தால் தோல் வழுக்கிப் போய்
நூல் மட்டும் கையில் நின்றது.
நகம் வெட்டும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து
கறுப்பை வெட்டினாள், இன்னும் கறுப்பு,
இன்னும் வெட்டினாள்,
தண்டின் நடுவில் பச்சை தெரியும் வரைக்கும்.
ருமைஸா கேத்திலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்,
கேத்தில் போடவேயில்லை.

மிஞ்சியது ஐந்து இலை, ஒரு குட்டைத் தண்டு.
ஃபிரிட்ஜின் மேல், சாசருக்குள்,
மூன்று நாள் காய வேண்டும்.
போகும்போது பார்த்தோம், வரும்போது பார்த்தோம்.

கீழே கடற்கரை நிறைய மண்.
ஒரு பிடி உதவாது, உப்பு.
அடுத்த ஒழுங்கையில் கட்டிடம் எழும்புகிறது,
எந்த ஒழுங்கையில்தான் எழும்பவில்லை.
காவலுக்கு நிற்கிற சிவணுவிடம் கேட்டேன்.
எவ்வளவு வேணும், ஒரு லோடா?
அரைக் கிலோ.
அவர் சிரிக்கவில்லை.
என் பையை வாங்கி, பெருமணலாகச் சலித்து,
உடைந்த செங்கல்லும் நாலு துண்டு போட்டார்.
அடியில போடுங்க, தண்ணி போகணும்ல.
அவருக்குப் பின்னால் அத்திவாரக் குழியில்
பம்ப் ஒன்று இரவு பகலாகத்
தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது.

தயிர்ச் சட்டிக்குத் துளை போட்டோம்.
ஆணி வழுக்கி முதல் சட்டி இரண்டாயிற்று.
அதற்காக இன்னொரு சட்டித் தயிர்
கித்துள் பாணியோடு தின்ன வேண்டி வந்தது.

ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு மொழியில் தாள்:
பத்து நாள், ஒரு சொட்டும் கூடாது.
கீழே மூன்று கையெழுத்து.
ஆறாம் நாள் விடியப்புறம்
யன்னலடியில் ருமைஸா,
முழங்கை வரை நனைந்த கைகளை
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.
நான் எழும்பியதைக் காட்டிக்கொள்ளவில்லை.

இன்றைக்குப் பதினோராம் நாள்.
மேல் இலை ஒன்றில்
குளித்து முடித்த விரல் நுனி போல
மெல்லிய சுருக்கம்.
தாகம், என்றாள் தினூஷா,
பரீட்சை முடிவு வாசிப்பது போல.
ஊற்றலாம்.

ஒரு கோப்பை, மூன்று பேர்.
நீ ஊற்று என்கிறோம், நீ ஊற்று என்கிறோம்.
ரயில் வருகிறது.
சட்டி நடுங்கி முடியட்டும் என்று நிற்கிறோம்.